பிரபலத்தோடு நின்று படம் எடுக்கப் போகிறவர்களுக்கு, ஒரு கிளிநொச்சி ஸ்டூடியோக்காரன் சொல்வது

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கொஞ்சம் உள்ளே எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போட் படம், சாமத்திய வீடு, கலியாண வீடு, பாடசாலைப் பரிசளிப்பு விழா, இவைதான் என் அன்றாடம். சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து பாடகர், நடிகர், தொலைக்காட்சியில் பாடிப் பெயரெடுத்த பிள்ளைகள் என்று யாராவது இந்தப் பக்கம் மேடை நிகழ்ச்சிக்கு வருகிறார்கள். நிகழ்ச்சிக்கு முன்னோ பின்னோ ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, அதற்கென்று ரிக்கற் எடுத்தவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணித்தியாலம் கமராவுக்குப் பின்னால் நிற்பவன் நான்.

அங்கே நின்று பார்த்தால் எல்லாம் தெரியும். விசுவமடுவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் மத்தியானமே பஸ் ஏறி வந்த பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நிற்பார்கள். முறை வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறிவிடுவார்கள். ஒருவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார். இன்னொருவர் போனைத் தூக்கி செல்பிக்கு நிற்பார். வேறொருவர் விருந்தினரையே பார்த்துக்கொண்டு நிற்பதால் படத்தில் அவருடைய காது மட்டும்தான் இருக்கும். அவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. இதை எப்படிச் செய்வதென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

பஸ் நிற்கும் நேரம்

முதலில் நேரக் கணக்கு. ஒரு மணித்தியாலம் என்றால் 3600 வினாடி. வரிசையில் 180 பேர் நின்றால் ஆளுக்கு 20 வினாடி. நீங்கள் நடந்து வருவது, நிற்பது, பிளாஷ் திரும்பச் சார்ஜ் ஏறுவது, நீங்கள் நடந்து போவது எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். உண்மையில் விருந்தினருக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கப்போவது ஐந்தாறு வினாடி.

வெளிநாட்டு ரசிகர் மாநாடுகளில் இது இன்னும் இறுக்கம். அமெரிக்காவில் சான் டியாகோ கொமிக் கொன் 1970-இல் தொடங்கியது. ரொறொன்ரோவில் இப்போது பான் எக்ஸ்போ என்று நடப்பது 1995-இல் தொடங்கியது. நம் கொழும்பிலும் லங்கா கொமிக் கொன் 2015-இல் தொடங்கியது. சித்திரக்கதை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் மனம் பறிகொடுத்தவர்கள் கூடும் இடம் இது. பெரிய மாநாடுகளுக்கு நடிகர்களே விருந்தினராக வருவார்கள். அவர்களோடு படம் எடுக்க நுழைவுக் கட்டணம் போதாது, தனியாகக் காசு கட்டி நேரம் எடுக்க வேண்டும்.

அக்கராயனிலிருந்து போய் இப்போது ரொறொன்ரோவில் இருக்கும் என் மருமகள், அக்காவின் மகள், ஒரு முறை அப்படிப் போய்வந்தாள். வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். நிலத்தில் ரேப் ஒட்டி வரிசைக்குக் கோடு போட்டிருந்தார்களாம். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை. பை, போன், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். உள்ளே போனாள், 'ஹாய்' என்றாள், பக்கத்தில் நின்றாள், பிளாஷ் அடித்தது, 'தாங்க் யூ' சொல்லி வெளியே வந்தாள். சில நிமிடத்தில் பிரிண்ட் கையில். வெளியே வந்ததும் அழுதுவிட்டாளாம். அந்த நடிகரிடம் சொல்வதற்கு இரண்டு வருடமாக ஒரு விஷயத்தை மனதில் வைத்திருந்தாள், சொல்ல வாயெடுக்க முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பக்கத்தில் நின்ற ஒரு தன்னார்வலர்தான் சொன்னாராம், கதைக்க விரும்புகிறவர்கள் கையெழுத்து மேசைக்குப் போக வேண்டும் என்று. அதற்கு வேறு கட்டணம், வேறு வரிசை. அங்கே போய், கையெழுத்துப் போடுகிற நேரத்துக்குள் சொல்ல வந்ததைச் சொல்லி, அவர் தலையாட்டிக் கேட்டு, அவள் சந்தோஷமாக வீடு போனாள்.

இதைத்தான் முதலில் மனதில் வையுங்கள். படம் எடுக்கிற இடம் வேறு, கதைக்கிற இடம் வேறு. கையெழுத்து, பரிசு கொடுப்பது, நலம் விசாரிப்பது, கூடப் பாடச் சொல்வது எதுவும் பட வரிசைக்கு உரியதல்ல.

நம்முடைய ஆட்களுக்கு நான் முறிகண்டியைச் சொல்லிப் புரியவைப்பேன். பஸ் முறிகண்டியில் நிற்கும். இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, விபூதி பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவோம். எத்தனை நிமிடம் என்று யாரும் மணி அடித்துச் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் அளவு தெரியும். பஸ்ஸில் இருக்கிற மற்றவர்களும் போக வேண்டும் என்பது நமக்குள் ஊறியிருக்கிறது. பட வரிசையிலும் உங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள்.

போவதற்கு முன்

ரிக்கற்றில் அல்லது ஏற்பாட்டாளரின் அறிவிப்பில் இருப்பதை முழுக்க வாசியுங்கள். கட்டணம் ஆளுக்கா, படத்துக்கா? பெரிய மாநாடுகளில் அநேகமாக ஒரு படத்துக்குத்தான் கட்டணம்; இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிற்கலாம், ஆனால் அதற்கும் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். இங்கே நம் நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு ஏற்பாட்டாளரும் ஒவ்வொரு மாதிரி. ஒரு ரிக்கற்றோடு குடும்பம் முழுக்க ஏழு பேர் வந்து நின்று, வாசலில் சண்டை பிடித்து, கடைசியில் முகம் சிவந்தபடி நிற்கிற படத்தை நான் எடுத்திருக்கிறேன். முதல் நாளே ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் படத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

உடுப்பைப் பற்றி நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: பின்னால் கட்டும் திரை என்ன நிறம்? கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்புச் சேட் போட்டு நின்றால் தலை மட்டும் மிதக்கிற மாதிரி வரும். வெள்ளைத் திரையில் வெள்ளை வேட்டியும் கரைந்துவிடும். மினுங்கும் சரிகை பிளாஷில் வெடிக்கும். நம் வெயிலுக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடியும், ஒரு கைலேஞ்சி கொண்டுபோய் முறை வருவதற்கு மூன்று பேர் இருக்கும்போது துடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் நாடியை அரை அங்குலம் கீழே இறக்கினால் போதும், பிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் தெறிக்காது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் போடப்போகும் சேட்டை மடிக்காமல் கவரில் தொங்கவிட்டுக் கொண்டுபோங்கள்.

மாநாட்டுக்குத் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தைப் போல வேஷம் கட்டிப் போகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கைவேலையைப் பார்த்து விருந்தினர் சந்தோஷப்படுவார், அது உண்மை. ஆனால் வாள், துப்பாக்கி மாதிரியான பொருள் என்றால் அது பொம்மை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். மாநாட்டு வாசலில் எல்லாவற்றையும் பார்த்துத்தான் விடுவார்கள். படையினரின் பச்சை உருமறைப்புத் துணி போன்ற உடுப்பு வேண்டவே வேண்டாம், இலங்கையில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்டச் சிக்கல். வன்னியிலிருந்து போகிற பிள்ளைகள் ஓமந்தை தாண்டமுன் இதை யோசித்துவிடுங்கள். முள்ளு, கூர் உள்ள தோள்கவசம் என்றால் பக்கத்தில் நிற்பவருடைய கன்னத்தில் இடிக்குமா என்று வீட்டிலேயே யாரையாவது நிறுத்திப் பாருங்கள். முகமூடி என்றால் படம் எடுக்கிற நேரம் கழற்றுவதா போடுவதா என்று வரிசையிலேயே முடிவெடுங்கள். உள்ளே வந்து நாடா அவிழ்த்துக்கொண்டு நிற்க நேரமிருக்காது.

அப்புறம், குளித்துவிட்டுப் போங்கள். வேர்வையோடு வந்தவர் பக்கத்தில் வந்ததும் விருந்தினர் மூச்சை அடக்குவதை நான் லென்ஸ் வழியே கண்டிருக்கிறேன். ஆனால் வாசனைத் தைலத்தை ஊற்றிக்கொண்டும் வராதீர்கள், 180 வாசனை ஒரு மனிதரின் மூக்குக்குப் பாரம். காய்ச்சல், தடிமன் என்றால் போகாதிருப்பதே நல்லது. காசு கட்டியாகிவிட்டது, போய்த்தான் தீர வேண்டும் என்றால் முகக்கவசத்தோடு நின்று, பிளாஷுக்கு மட்டும் அதை இறக்கி, ஒரு கை தூரம் விட்டு நில்லுங்கள்.

கை எங்கே இருக்க வேண்டும்

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதத் தொடங்கினேன்.

ஒரு பாடசாலை மைதானத்தில் நடந்த நிகழ்ச்சி. சென்னையிலிருந்து வந்த ஒரு பின்னணிப் பாடகி. வரிசையில் ஒரு பெடியன், இருபது இருபத்தொரு வயது இருக்கும், நல்ல பிள்ளை, வரிசையில் முதியவர் ஒருவருக்கு இடம் விட்டுக் கொடுத்ததையும் பார்த்தேன். முறை வந்தது. போய் நின்றான். நான் 'இஞ்சை பாருங்கோ' என்று சொல்லி விரலை அழுத்துகிற நேரம், அவன் கையை அவவின் இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டான். பிளாஷ் அடித்தது. அவ ஒன்றும் சொல்லவில்லை. அரை அடி விலகி நின்று, அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தா.

மூன்று நாள் கழித்து அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். 'அண்ணை, படத்தில அவ சரியாச் சிரிக்கேல்லை. இதைக் கொஞ்சம் திருத்தித் தர ஏலுமோ?' என்று கேட்டான்.

கணினியில் படத்தைத் திறந்து முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். அவனையே பார்க்கச் சொன்னேன். அவவின் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. தொங்கிக்கொண்டிருந்த கையில் விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கியிருந்தன. உதடு சிரித்தது, கண் கமராவில் இல்லை, பக்கவாட்டில் அவனுடைய கையைத் தேடிப் போயிருந்தது. அவன் கனநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், 'பயந்திட்டாவோ?' நான் ஓம் என்றேன். அவன் அந்தப் படத்தை எடுத்துப் போகவில்லை. திருத்தவும் சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் என்னோடு நின்று வரிசையை ஒழுங்குபடுத்த உதவிக்கு வந்தான். இன்றும் வருகிறான். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் அவன் சொல்லி அனுப்புவது இதுதான்: 'கேட்டுட்டுக் கையை வையுங்கோ.'

கேட்பது எப்படி? மூன்று சொல் போதும். 'தோளில் கை போடலாமா?' அவர் சரி என்றால் போடுங்கள். தலையாட்டாமல் சும்மா சிரித்தால் அது சரி என்று அர்த்தமில்லை, கையை உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மொழி தெரியாவிட்டால் உங்கள் கையை அவருடைய தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டி, கண்ணால் கேளுங்கள், யாருக்கும் புரியும். அவராக உங்கள் தோளில் கை போட்டாலும், அதை வைத்து நீங்கள் அவரைக் கட்டிப்பிடிக்க உரிமை வந்துவிட்டதாக எடுக்காதீர்கள். தோள் என்றால் தோள். முதுகின் கீழ்ப்பக்கம், இடுப்பு, தலைமயிர், கன்னம் எல்லாம் கேட்கவும் கூடாத இடங்கள். முத்தம் கொடுப்பதும் அப்படித்தான். தூக்குவது, மடியில் இருப்பது, முதுகில் ஏறுவது எதுவும் வேண்டாம்.

பெண் ரசிகைகளுக்கும் இதே விதிதான். ஆண் நடிகர் என்றால் பிடித்து இழுக்கலாம் என்று சில தங்கச்சிமார் நினைக்கிறார்கள். அவருக்கும் உடம்பு அவருடையதுதான்.

இந்த விஷயம் உலகம் முழுக்க இருக்கிறது. 2014-இல் நியூ யோர்க் கொமிக் கொன்னில் பெரிய பலகைகளே வைத்தார்கள்: வேஷம் கட்டி வந்திருப்பது தொடுவதற்கான சம்மதம் ஆகாது என்று. அது வேஷம் கட்டிய ரசிகர்களைப் பாதுகாக்க வைத்தது. விருந்தினருக்கும் அதே நியாயம். வேஷத்தோடு நிற்கும் ஒரு பிள்ளையை வெளியே கண்டு படம் எடுக்க விரும்பினாலும் முதலில் கேட்டுவிட்டுத்தான் கமராவைத் தூக்க வேண்டும்.

கையை என்ன செய்வதென்று தெரியவில்லையா? கைகூப்பி நில்லுங்கள். நம்மிடம் அவ்வளவு வடிவான ஒன்று இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? நீங்கள் கும்பிட்டால் அவரும் கும்பிடுவார், இரண்டு பேருடைய முகமும் நேரே கமராவுக்கு வரும், இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே அழகாக இருக்கும். நான் எடுத்த விருந்தினர் படங்களில் எனக்குப் பிடித்தவற்றில் பாதி இப்படித்தான்.

காலில் விழுந்து கும்பிடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரியவர்களை மதிப்பது நல்லது. ஆனால் படத்தில் உங்கள் முதுகுதான் வரும், விருந்தினர் பதறிக் குனிந்து தூக்கப் பார்ப்பார், அவருடைய தலை உச்சி வரும். மரியாதையைச் சொல்லால் செய்யுங்கள். 'வணக்கம் ஐயா', 'வணக்கம் அக்கா', அது போதும். சேர், மேடம் என்றாலும் சரி. அவர் நடித்த பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், சொந்தப் பெயரைச் சொல்லி ஒருமையிலும் கூப்பிடாதீர்கள்.

பொன்னாடை. நான் கைக்கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன், ஒருவர் பொன்னாடையைப் பைக்குள் இருந்து எடுத்து, விரித்து, போர்த்தி, சரிசெய்ய 40 வினாடி போகிறது. இரண்டு பேருடைய நேரம் அது. போர்த்திய பிறகு விருந்தினர் உடுத்தி வந்ததும் மறைந்துவிடும். போர்த்த விரும்பினால் ஏற்பாட்டாளரிடம் சொல்லி மேடையில் போர்த்துங்கள்.

முன்கூட்டிச் சொன்னால் எதுவும் நடக்கும்

தர்மபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தா. கையில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் உறை. அதற்குள் பாஸ்போட் அளவில் ஒரு பெடியனின் படம், ஓரம் பழுப்பேறி, ஒரு மூலை கிழிந்து. மகன். 2009-க்குப் பிறகு அவவிடம் மிஞ்சிய ஒரே படம். அவன் இந்தப் பாடகரின் பாட்டைத்தான் எப்போதும் பாடிக்கொண்டு திரிவானாம். பாடகர் இந்தப் படத்தையும் பிடித்துக்கொண்டு தன்னோடு நிற்பாரா என்று அறிய வந்தவ.

நல்ல வேளையாக அதை வரிசைக்கு வந்தவுடனேயே எங்கள் பெடியனிடம் சொல்லிவிட்டா. அவன் போய்ப் பாடகரோடு வந்தவரிடம் சொன்னான். அவர் பாடகரின் காதில் சொன்னார். முறை வரும்போது பாடகருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் கதிரையை விட்டு எழுந்து இரண்டு அடி முன்னால் வந்து, 'அம்மா, பெயர் என்ன?' என்று மகனின் பெயரைக் கேட்டார். உறையை இரண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சுக்கு நேரே பிடித்தார். வரிசையில் யாரும் சத்தம் போடவில்லை. நான் மூன்று படம் எடுத்தேன்.

இதையே அந்த அம்மா உள்ளே வந்து திடீரென்று நீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் என்னவென்று விளங்காமல் விழித்திருப்பார், பாதுகாப்புக்கு நிற்பவர் கையைத் தட்டிவிட்டிருப்பார், அவ அழுதபடி வெளியே போயிருப்பா. வழக்கத்துக்கு வெளியே எது வேண்டுமென்றாலும், பிறந்தநாள் பிள்ளையை வாழ்த்துவதோ, ஒரு விதமாக நிற்கச் சொல்வதோ, வரிசையின் வாசலிலேயே சொல்லுங்கள். 'முடியுமா' என்று கேளுங்கள். முடியாது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், விட்டுவிடுங்கள்.

இறந்தவரின் படத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு தொழில் யோசனையும் சொல்ல வேண்டும். பாஸ்போட் அளவுப் படம் பெரிய படத்தில் நகத்தளவுதான் வரும். நிகழ்ச்சிக்கு ஒரு கிழமைக்கு முன்னமே ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து 8க்கு 10 அங்குலமாகப் பெருப்பித்து, மினுங்காத மட் தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். மினுங்கும் தாளும் கண்ணாடிச் சட்டமும் பிளாஷைத் திருப்பி அடிக்கும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். அந்த அம்மாவின் படத்தில் அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. காசு வாங்கவில்லை.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், பொய்க்கால் போட்டவர்கள் நம் பக்கத்தில் கனபேர் இருக்கிறார்கள். நீங்கள் இரண்டு மணித்தியாலம் நிற்கத் தேவையில்லை. வாசலில் சொன்னால் கதிரை தருவார்கள், அல்லது முன்னால் விடுவார்கள். கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. கமராக்காரருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நான் லைற்றையும் கமராவையும் தாழ்த்த வேண்டும், விருந்தினருக்கு ஒரு கதிரை போட வேண்டும். இரண்டு பேருடைய கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அந்தப் படம் படமாக இருக்கும். வரிசையில் நிற்கும் மற்றவர்கள், உதவி என்று நினைத்துக் கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள்.

கைக்குழந்தையை விருந்தினரின் கையில் திணிக்காதீர்கள். பெரும்பாலும் குழந்தை அழும். நீங்களே தூக்கி நடுவில் பிடியுங்கள். அவர் ஆசைப்பட்டுக் கை நீட்டினால் கொடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவரிடம் நம் கதையைச் சொல்ல வேண்டும், நம்மைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்ல வேண்டும் என்ற ஆசை நமக்கு உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் பிளாஷுக்கு முன்னால் நிறுத்தி, போனில் பதிவு செய்துகொண்டு, அரசியல் கேள்வி கேட்டு மாட்டிவிடாதீர்கள். அவர் வேறு நாட்டிலிருந்து விசா எடுத்து வந்தவர்.

பிளாஷ் அடிக்கும்போதும் அதற்குப் பிறகும்

நின்றதும் விருந்தினரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், உடனே கமராவைப் பாருங்கள். லென்ஸின் நடுவைப் பாருங்கள், என் முகத்தை அல்ல. மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக விடும்போது தோள் இறங்கும், முகம் தானாக இளகும். கண் மூடிவிட்டதென்று சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே, அடுத்தவர் காலெடுத்து வைக்க முன், 'கண் மூடிட்டேனோ?' என்று கேளுங்கள். நல்ல கமராக்காரர் பார்த்துச் சொல்வார், தேவையென்றால் இன்னொன்று எடுப்பார். 'இன்னொன்று, இன்னொன்று' என்று மூன்றாவதும் கேட்காதீர்கள். நன்றி சொல்லுங்கள், விருந்தினருக்கும் வரிசை பார்த்த பிள்ளைக்கும். வந்த வழியால் திரும்பாமல் காட்டிய வழியால் வெளியே போங்கள்.

படம் கைக்கு வந்த பிறகு முகநூலில் போடுவீர்கள், அது உங்கள் உரிமை. ஆனால் 'என் நெருங்கிய நண்பர்' என்று எழுதாதீர்கள். அதைவிட முக்கியம், அந்தப் படத்தைக் கடைப் பதாகையில் போடாதீர்கள். ஒருவர் புதுக் கடை திறப்புக்கு, நடிகரோடு தான் நிற்கும் படத்தைப் பத்தடிப் பதாகையில் அடித்துத் தொங்கவிட்டார். அந்த நடிகரே தன் கடையைச் சிபாரிசு செய்கிற மாதிரி. நடிகரின் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது, பதாகையை இறக்க வேண்டியதாயிற்று. நீங்கள் காசு கட்டியது நினைவுக்கு ஒரு படம் எடுக்கத்தான். விளம்பரத்துக்கு வேறு ஒப்பந்தம், வேறு காசு.

கடைசியாக, பிரிண்டை எப்படி வைத்திருப்பது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து வெள்ளம் வந்த பிறகு என் கடைக்கு நனைந்த படங்கள் சாக்கு நிறைய வந்தன. அதிகம் கெட்டுப்போனவை கண்ணாடிச் சட்டத்தில் இருந்தவைதான். தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தது, உரித்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது. சட்டம் போடுவதென்றால் படத்தைச் சுற்றி ஒரு மட்டை வெட்டி வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இருக்கும். மழையில் ஊறும் சுவரிலும் நேர் வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள். சூட்டில் அழுத்தி லமினேற் செய்யவும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. கணினிப் பிரதியைக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கட்டாயம் வெளிநாட்டில் இருக்கும் யாராவது சொந்தக்காரரிடம் இருக்கட்டும். தர்மபுரத்து அம்மாவின் மூன்று படங்களும் என் மருமகளின் கணினியில் ரொறொன்ரோவில் இருக்கின்றன. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன்.